இரண்டு மணிக்கு அடக்கம்

மொன்டானாவின் கிழக்கு ஓரத்தில்
ஒரு கொட்டாவி விடுவதற்குள் கடந்துவிடக்கூடிய ஊர்.
எரிவாயு லாரியைக் கல்லறைப் பக்கமாக ஒதுக்கிவிட்டு
இருக்கைக்குப் பின்னாலிருந்து
ஸ்கேட்போர்டை உருவினேன்.
நாற்பத்திரண்டு வயதுக்காரி
பலகையோடு குதித்து இறங்கியதை
ஒரு நாய் பார்த்தது. குரைக்கவில்லை.

பூங்கா என்கிறார்கள். மரம் ஒன்றுகூட இல்லை.
கோதுமை வயலுக்கும் கல்லறைக்கும் நடுவே
ராட்சசன் எவனோ ஈரக் காங்கிரீட்டில்
முழங்கையூன்றிப் படுத்து
எழுந்துபோனதுபோல்
குழிந்தும் புடைத்தும் வெளுத்துக் கிடக்கிறது தரை.

வாசலில் தகரப் பலகை:
கட்டணம் கிடையாது. காவலும் கிடையாது.
விழுந்தால் அது உன் பாடு.
அதன் கீழே ஆணியால் யாரோ கீறியிருந்தார்கள்:
சரி.

இரவு மழை பெய்திருக்கிறது.
பெரிய கிண்ணத்தின் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர்.
வடிகாலை வைக்கோல் அடைத்துக்கொள்ள
சொந்தக் குளம்போல் மிதந்துகொண்டிருந்தது
ஒரு வாத்து.

எனக்கு முன்பே இரண்டு பேர்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் நீலச் சீருடையில்
ட்வைலா என்றொருத்தி, முறத்தால் வாரி இறைத்தபடி.
ஒன்பது வயதிருக்கும் ஆஸ்மண்ட்
தன் தலைக்கவசத்தால் மொண்டு மொண்டு
மேட்டுக்கு ஓடினான்.
கவசத்தில் பதினொரு ஓட்டை.
மேலே போய்ச் சேர்ந்ததெல்லாம் ஓட்டம் மட்டும்தான்.

யாரும் வணக்கம் சொல்லவில்லை.
வேலியில் நாய்ச்சங்கிலியால் கட்டியிருந்த துடைப்பத்தை
மோவாயால் காட்டினாள் ட்வைலா.
அவிழ்த்தேன்.
என் சாப்பாட்டு நேரம் ஐம்பது நிமிடம்.
அதில் முப்பதை
எனக்குப் பாத்தியதை இல்லாத ஊரின்
தண்ணீரைத் தள்ளுவதில் செலவழித்தேன்.
வாத்து ஒருமுறை எங்களைத் திட்டிவிட்டுப்
பறந்தது.

ஈரம் மட்டும் போகவில்லை.
சலவைத் துண்டுகள் நான்கு நனைந்து கனத்தன.
அப்போது வேலிக்கு மேலே
இலை ஊதும் இயந்திரம் ஒன்று எழுந்தது,
அதன் பின்னால் ஒரு தொப்பி,
தொப்பிக்குக் கீழே குழிவெட்டும் வெண்டல்.
"ரெண்டு மணிக்கு ஒரு அடக்கம் இருக்கு.
அதுக்குள்ள குடுத்துடுங்க.
அதுக்கப்புறம் சத்தம் கூடாது."

ஊதினோம். ஈரத்தின் கறுப்பு
ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி
ஒரு தட்டாகி, ஒரு நாணயமாகி,
இல்லாமல் போனது.
ஒன்று நாற்பது.

இருபது நிமிடம்.
முதலில் பையன். பயம் இன்னும் பழகாத முழங்கால்கள்.
அடுத்து ட்வைலா. துணி மடிப்பதுபோல்
சுவரோடு ஏறி, திரும்பி,
மடிப்புக் கலையாமல் இறங்கினாள்.
பிறகு நான்.
உலோக விளிம்பில் ஒரு கால்,
வெறும் காற்றில் ஒரு கால்,
லாரியில் மணிக்கு எழுபது மைலில்கூடக்
கிடைக்காத ஒன்று
வயிற்றுக்குள் விழுந்தது.
இரண்டு சுற்று வந்தேன்.
மூன்றாவதில் முழங்கைத் தோலைக்
காங்கிரீட்டிடம் கொடுத்தேன்.
கட்டணம் கிடையாதாம்.

கார்கள் விளக்கெரிய வந்துசேர்ந்தன.
பலகைகளை மடியில் கவிழ்த்து
விளிம்பில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தோம்.
சும்மா சுழன்ற ஒரு சக்கரத்தை
ஆஸ்மண்ட் கட்டைவிரலால் அமுக்கினான்.
நான் கிளம்பியிருக்க வேண்டும்,
கோழிப்பண்ணை காத்திருக்கிறது.
ஆனால் என் லாரி பின்னால் நகர்ந்தால்
பீப் பீப் என்று ஊரைக் கூட்டும்.
யாரென்று தெரியாத ஒருவரை இறக்கும்போது
அதைச் செய்ய முடியுமா?

காற்று திரும்பியபோதெல்லாம்
ஜெபத்தின் பாதி வாக்கியங்கள் வந்தன.
மீதியைக் கோதுமை எடுத்துக்கொண்டது.
கால்சட்டையின் ஈரம் காய்ந்தது.
முழங்கையும்.
"இன்னும் எவ்வளவு நேரம்?"
உதட்டசைவில் கேட்டான் பையன்.
ட்வைலா தோளைக் குலுக்கினாள்.

கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர்
போகிற வழியில் வேலியருகே நின்றார்.
கிண்ணத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு
காருக்கு நடந்தார்.

கடைசிக் கார் ரயில்பாதையைத் தாண்டியது.
நான் எழுந்து மணலைத் தட்டுவதற்குள்
முதுகுக்குப் பின்னால்
கரகரவென்று இறங்கிவிட்டது
ஒரு ஜோடி சக்கரம்.